கேட் போட்டுட்டாங்க

சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போகிற வழி.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டுப்
பெட்டிகளை எண்ணினேன்: நாற்பத்து மூன்று.
அவசரப்படவில்லை. இங்கே யாரும் படுவதில்லை.
முன்னால் நின்ற மீன்பாடி வண்டிக்காரர்
பீடியைப் பற்றவைத்துப் பாதியில் அணைத்து
மீதியைக் காதில் செருகிக்கொண்டார்.

தாமதமாகத்தான் நுழைந்தேன்.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில்
முட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முப்பத்தைந்து ஆசிரியைகள்.
ஓரமாய் டில்லிபாபு சார், ஒரே ஆண்,
சமோசா எத்தனை மணிக்கு என்று விசாரித்தபடி.

கருத்தாளர் பெனடிக்டா ஆளுக்கொரு தாள் தந்தார்.
கொக்கி, புள்ளி, கவிழ்த்த குடை,
கால் உடைந்த நாற்காலி மாதிரி ஏதோ.
அவரே கட்டிய எழுத்துகளாம்.
அரைமணி சொல்லிக்கொடுத்தார்.
மூலையில் சின்னதாய் ஒரு மீன் படம்.
"வாசிங்க. சத்தமா. ஒவ்வொருத்தரா."

சாந்தகுமாரி மிஸ் கண்ணாடியை மாற்றணும் என்றார்.
டில்லிபாபு சார் பாத்ரூம் போகணும் என்றார்.
பதினேழு வருஷம் சாக்பீஸ் பிடித்தவள் நான்,
பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தேன்.
என் முறை.
பின்னால் யாரோ சிரித்தது
என்னைத்தான் என்று தோன்றியது.
படத்தைப் பார்த்து "மீன்" என்றேன்.

எழுதியிருந்தது "வலை".
தப்பு என்று அவர் சொல்லவில்லை.
"எதைப் பார்த்து மீன்னு சொன்னீங்க?"
அவ்வளவுதான் கேட்டார்.

எனக்கு மோனிஷ் ஞாபகம் வந்தான்.

போன மாதம். படத்தில் ஒரு படகு.
கீழே "தோணி".
"போட்டு" என்றான்.
"பைபர் போட்டு டீச்சர், எங்க மாமாது நீலம்."
சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.
படத்தைப் பார்த்து அடிச்சுவிடுறான் என்று
அவன் அம்மாவை வரவழைத்துச் சொன்னேன்.
ஐஸ் பெட்டி தூக்கிய ஈரக் கையைச்
சேலையில் துடைத்துத் துடைத்து நின்றவள்
"நல்லா நாலு போடுங்க டீச்சர்" என்றாள்.

மதியம் பெனடிக்டா சொன்னார்:
"பிள்ளை நின்னா நீங்க சொல்லிடாதீங்க.
மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க."
டில்லிபாபு சார் எழுந்தார்.
"நாப்பது பிள்ளைங்க மேடம்,
எழுத்துக்கு அஞ்சுன்னா பாடத்தை யார் முடிக்கிறது?"
எல்லோரும் சிரித்தோம். அவரும்.
பதில் சொன்னாரா தெரியாது,
சமோசா வந்துவிட்டது.

நாற்பத்து மூன்று பெட்டிக்கு நின்றவள்
ஓர் ஓகாரத்துக்கு நின்றதில்லை.

திங்கள். மோனிஷ். அதே பக்கம்.
விரல் இரட்டைக்கொம்பில் நின்றது.
ஒன்று.
"தே" என்றான்.
என் நாக்கு நுனிக்கு விடை வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன்.
இரண்டு. தெருவில் தண்ணி லாரி, குடங்கள்.
மூன்று. விரல் த-வைத் தாண்டிக் காலைத் தொட்டு
மறுபடி கொம்புக்கே வந்தது.
"சொல்லிடட்டா டீச்சர்?" பின்னாலிருந்து ஒருத்தி.
நான்கு, ஐந்து,
ஆறு ஏழு என்று எண்ணிக்கொண்டே போனேன்.
வண்டி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"டீச்சர், வாயில த் தான மொதல்ல வருது?
இந்தக் கொம்பு இன்னாத்துக்கு
அதுக்கு முன்னாடி வந்து குந்திகினு கீது?"

பதினேழு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
கேட்கிற அளவுக்கு நான் யாரையும் விட்டதில்லை.
"தெரியலடா" என்றேன்.
நம்பாமல் பார்த்தான்.
பிறகு குனிந்து, ஒரு விரலால் கொம்பையும்
இன்னொன்றால் காலையும் மூடினான்.
த மட்டும் தெரிந்தது.
இரண்டையும் ஒன்றாய்த் திறந்தான்.
"தோ... ணி."

கொஞ்சம் யோசித்து,
"ஆனா இது போட்டுதான்."

போட்டுதான் என்றேன்.

மணி அடித்துவிட்டது. மீதி முப்பத்தொன்பது பேர்
புத்தகத்தைப் பைக்குள் திணித்தார்கள்.
குறிப்பேட்டில் பாடம் முடிந்தது என்று
வழக்கம்போல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.