நாற்பத்தொன்றாம் பக்கத்து இடி

நிலாவில் இடி இடித்ததாக எழுதியிருந்தது.
நாற்பத்தொன்றாம் பக்கம்.
அட்டை போன மாத நாவல்,
சிம்மக்கல் பழைய புத்தகக் கடையில் எட்டு ரூபாய்.
எழுதியவர் பெயரும் அட்டையோடு போயிருந்தது.
சுரங்கம் வெடித்த சத்தம் கேட்டுத்தான்
அவள் திரும்புகிறாள், ஓடுகிறாள், பிழைக்கிறாள்.

"கேட்டிருக்காது" என்றான் ஒச்சப்பன்.
"அங்க காத்தே கெடையாதுடா."
எனக்குக் கோபம்.
நாற்பது பக்கம் ஒரே ராத்திரியில் நம்பி வந்தவன் நான்.
கேட்காவிட்டால் அவள் செத்திருப்பாளே.

பாடப் புத்தகத்திலும் இது இருந்தது.
இரண்டு வரி. இரண்டு மதிப்பெண்.
எழுதி வாங்கியும் இருக்கிறேன்.
யாரும் செத்துப்போகாத இரண்டு வரி.

பரீட்சை லீவுக்கு நான் நின்றது
தெற்கு மாசி வீதியில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை.
கேஸ் ஏற்றுமுன் குழாயிலிருக்கும் காற்றை
உறிஞ்சித் துப்ப அங்கே ஒரு பம்ப் உண்டு.
வெள்ளிக்கிழமை
காஜா அண்ணன் தொழுகைக்குப் போன முக்கால் மணி நேரம்
அது எங்களுடையது.

தேன்மிட்டாய் பாட்டில். மூடியில் ஓட்டை.
செப்புக் குழாய், சுற்றி எம்சீல்.
தெறித்தால் என்ன செய்வதென்று ஈரச் சாக்கு.
உள்ளே ஸ்பான்ஜ் துண்டின் மேல்
விளக்குத்தூணில் வாங்கிய நாற்பது ரூபாய் அலாரம்.

பம்ப் போட்ட இரைச்சலில் எதுவுமே கேட்கவில்லை.
"பாத்தியா" என்று நான் குதிக்க,
"லூசு, பம்ப்ப நிறுத்து" என்றான்.
வால்வை மூடி, பம்ப்பை நிறுத்தி,
சாக்கில் விட்டிருந்த இடுக்கில் கண்ணை வைத்தேன்.
அலாரத்தின் சிவப்பு விளக்கு
அடித்து அடித்துக் கத்திக்கொண்டிருந்தது.
சத்தம் மட்டும்
அடுத்த தெருக் கொசு மாதிரி.

முழுசாகச் சாகவில்லை.
"ஸ்பான்ஜ் வழியா வருதுடா" என்றான்.

வால்வைத் திறந்தேன்.
உஸ்ஸென்று தெரு உள்ளே போனது,
டவுன் பஸ் புகையும் வடைச்சட்டி எண்ணெயுமாக.
அதைப் பிடித்துக்கொண்டு
மணி ஏறி வந்தது.
கையெல்லாம் சிலிர்த்தது எனக்கு. அவனுக்கும்தான்,
சொல்லவில்லை.

"பம்ப் ஏன்டா இப்படிச் சுடுது?"
காஜா அண்ணன் கேட்டதற்கு இரண்டு பேரும்
சுவரைப் பார்த்தோம்.

ராத்திரிதான் உறைத்தது.
ஸ்பான்ஜ் வழி வருமென்றால்
தரை வழியும் வரும்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
'கேட்டாள்' என்பதை அடித்துவிட்டு
'காலில் கேட்டாள்' என்று எழுதினேன்.
பிழைத்துவிட்டாள்.

ஆனால் பாறைக்குள் அதிர்வு எவ்வளவு வேகம் போகும்?
சுரங்கத்துக்கும் அவளுக்கும் எத்தனை தூரம்?
எழுதியவர் சொல்லவில்லை.
பூட்ஸ் வேறு போட்டிருக்கிறாள்.

வாடிப்பட்டிப் பக்கம் கல்குவாரியில்
சனிக்கிழமை வெடி வைப்பார்களாம்.
கிட்டே விடமாட்டார்கள், ரோட்டோரம் நிற்கலாம்.
ஒச்சப்பன் கையில் வாட்ச் இருக்கும்.
நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன்.