பதினோரு டாலர்

இன்று காலை பித்தளைப் பலகையின் மேல் கிடந்த துணியை
இழுத்துக் காட்டினார்கள்.
டன்மோர் கவுண்டிப் பயிற்சிப் பள்ளி, 1926 – 1969.
கைதட்டினோம்.
பின்வரிசையில், வெயில் விழாத நாற்காலியில் நான்.

உயர்நிலைப் பள்ளி என்று சொல்ல
கவுண்டிக்கு நா எழவில்லை அன்று.
பயிற்சி என்றார்கள்.
எதற்குப் பயிற்சி என்று சொல்லவில்லை.
எங்கள் ஆட்கள் மீன் பொரித்து விற்ற காசில் மரம் வாங்கி
ஞாயிறு பிரசங்கம் முடிந்த கையோடு
ஆணி அடித்தார்கள்.
கவுண்டி தந்தது ஒரு பூட்டு.
சாவியைத் தன் அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டது.

பருத்தி வெடித்தால் பள்ளி மூடும்.
பருத்தி தீர்ந்தால் திறக்கும்.
மிச்சமிருக்கும் மாதங்களுக்குள் பின்னக் கணக்கும் பூகோளமும்
அடித்துப் பிடித்து முடியும்.

புத்தகங்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்.
அட்டைக்குள் பெயர் எழுத ஆறு கோடு.
ஆறும் நிரம்பிய பிறகுதான் எங்களுக்கு.
அடுத்து யார் கைக்குப் போகும் என்று
அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும்.
எழுபத்திரண்டாம் பக்கத்தில், நதிகளின் நீளத்துக்குக் கீழே,
எனக்கென்றே ஒருவன் எழுதிவைத்திருந்தான்
என் அம்மாவைப் பற்றி.

ஒசெல்லா டிப்ஸ் டீச்சர்
ஆகஸ்டு முழுக்க உட்கார்ந்து பக்கம் பக்கமாய்த் தேடுவார்.
மளிகைப் பையைக் கத்தரித்து
மாவுப் பசையால் ஒட்டி மறைப்பார்.
ஒட்டிய துண்டின் மேல், சாய்ந்த அழகான கையெழுத்தில்
ஒரு கணக்கு இருக்கும்,
இல்லையென்றால் ஒரு சொல்லும் அதன் பொருளும்.
கரப்பானுக்கு அந்தப் பசை பிடிக்கும்.
மார்ச்சுக்குள் மூலை கழன்றுவிடும்.
நகத்தால் நெம்பிப் பார்க்காதவன் எங்கள் வகுப்பில் இல்லை.
பார்த்துவிட்டு
எச்சில் தொட்டுத் திரும்ப ஒட்டுவோம்,
டீச்சருக்குத் தெரியாதபடி.

பிறகு நீதிமன்றம் சொன்னது, கதவு திறந்தது.
அவர்கள் கதவு.
எங்களுடையது மூடியது.
தலைமையாசிரியர் லெமுவல் பேட்டிலுக்குப்
புதுப் பள்ளியின் நிலவறையில் ஒரு மேசை.
வேலை: பாடநூல்களை எண்ணுவது.
டிப்ஸ் டீச்சருக்கு அதுவும் இல்லை.
டெட்ராய்ட்டில் தங்கை இருந்தாள், போய்விட்டார்.

எனக்கு வேலை கிடைத்தது.
ஜூலையில் கவுண்டி ஆள் வந்தான்.
"டிரக் வைத்திருக்கிறாயாமே, க்ளியோட்டிஸ்?"
கட்டடத்தைக் காலி செய்யப் பதினோரு டாலர்.
மனைவிக்கு ஏழாம் மாதம், முன் டயர் மொட்டை,
என்றெல்லாம் சொல்லலாம்.
கைநீட்டி வாங்கினேன்.

நான்கு நடை.
பெஞ்சு, ஸ்டவ், அலாஸ்கா இல்லாத வரைபடம்.
நான்காவது நடையில் கூடைப்பந்துக் கோப்பைகள், முப்பத்தொன்று.
1962-ல் மாநிலத்தையே ஜெயித்தோம்,
மாநிலத்தில் எங்களோடு ஆட விடப்பட்ட பாதியை.
அந்தக் கோப்பையின் அடியில்
பொடி எழுத்தில் என் பெயரும் இருந்தது.
குப்பைமேட்டில் பின்பலகையைத் திறந்துவிட்டேன்.
சரிந்தன.
எல்லாம் தகரம் என்று சத்தத்தில்தான் தெரிந்தது.

இன்று ஜெருஷா கில்லியம்,
கல்லூரியில் சரித்திரம் சொல்லித் தருகிற பெண்,
மைக்கைப் பிடித்துச் சொன்னாள்:
"அந்தக் கோப்பைகளை யாராவது ஒருவர்
எடுத்து வைத்திருந்தால்."
எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.
நானும் கொட்டினேன்.
மனைவி என் பக்கம் திரும்பவில்லை.
மடியிலிருந்த விசிறி மட்டும் கொஞ்சம் நின்றது.

குப்பைமேடு இப்போது பைன் தோட்டம்.
காகித ஆலைக்காக இரண்டு முறை வெட்டி
மூன்றாம் முறை நட்டிருக்கிறார்கள்.

அறுபத்திரண்டின் அணியில் மிச்சம் இரண்டு பேர்.
பலகைக்கு இருபுறமும் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.
சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தோம்.
கூட்டம் எலுமிச்சைச் சாறு பக்கம் நகர்ந்ததும்
பலகையின் மூலையை
நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.
நல்ல போல்ட்டு.
அசையவில்லை.