ஹைட்ராலிக் கோளாறு

பதினேழு வயதில் எனக்கு அந்த இசை
வெந்த முட்டைக்கோசின் வாசம்.

கோடை முழுக்க ஏரிக்கரை நடன மண்டபத்தில்
காபியும் சுட்ட சாசேஜும் விற்றேன்.
சனிக்கிழமைதோறும் டாங்கோ.
ஒரு சுவரோரம் ஆண்கள், எதிர்ச்சுவரோரம் பெண்கள்,
நடுவே மெழுகு தேய்த்த பலகைத் தளம்,
இறங்கிக் கடக்க வேண்டிய ஆறுபோல.
யூர்யோ அக்கார்டியனை விரிப்பான்.
எல்லாப் பாட்டிலும் செப்டம்பர் வரும்,
எவளோ போயிருப்பாள்,
நிலா மட்டும் எங்கும் போகாது.
நானும் சிர்க்காவும் கல்லாவுக்குப் பின்னால்
ஒரு பாட்டில் எத்தனை 'இனி இல்லை' என்று
தீக்குச்சி அடுக்கி எண்ணுவோம்.
பதினொன்று வந்த இரவு
சிரித்துச் சிரித்துப் பால்குவளையைக் கவிழ்த்தோம்.

ஆடுகிறவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை
என்பதுதான் பெரிய வேடிக்கை.
உரமூட்டை தூக்கிய கைகள்
முதுகில் தட்டையாகப் பதிந்திருக்கும்,
காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.
"எழவு வீட்டுக்கு வழி கேட்டு வந்தவங்க" என்பாள் சிர்க்கா.
பாடகர் கடைசி வரியில்
கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துவார்.
மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.
வாராவாரம் அதே இடத்தில் மறக்கிறாரே, பாவம்.

இப்போது ஐம்பத்து நான்கு.
பனி வாரும் லாரி ஓட்டுகிறேன்,
லாபுவாவிலிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டர்.
இரவு எடுத்துக்கொண்ட சாலையை
ஊர் எழுவதற்குள் ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலை.
இடது முட்டியில் உலோகம்.
பெர்த்தி எட்டு வருடம் முன்பு ஓவ்லுவுக்குப் போனான்.
சண்டை ஒன்றுமில்லை.
பாதிப் பாத்திரத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டான்,
மீதிப் பாதியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.
ரேடியோவில் ஒரே நிலையம்தான் எடுக்கும்.
குமிழ் உறைந்ததா உடைந்ததா,
தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஜனவரி. விடிகாலை நாலு.
விளக்கு வெளிச்சத்தில் பனி
என் ஒருத்தியைத் தேடியே வருகிறது.
வானிலை முடிந்து அக்கார்டியன்.
அதே செப்டம்பர், அதே நிலா, அதே போனவள்.
சத்தத்தைக் குறைக்கப் போன கை
பாதி வழியில் நின்றது.

பாடுகிறவன் அவசரப்படவில்லை.
அழுதும் காட்டவில்லை.
கடன்காரன் வந்தால் நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டு
தன் வேலையைப் பார்க்கிறவன்போலப் பாடினான்.
பிறகு அந்த இடம்.
எனக்கு அந்தச் சொல் தெரியும்.
அவனுக்கும் தெரியும்.
தெரிந்தும் சொல்லாமல்
இரண்டு பேரும் கொஞ்ச தூரம் போனோம்,
வைப்பர் இடம் வலம், இடம் வலம்.
அந்தப் பலகைத் தளத்துக்காரர்கள்...
அவ்வளவு கிட்டே நிற்கையில்
முகத்துக்கு என்ன வேலை?

போன் அடித்தது. ஈட்டு, மேற்பார்வையாளன்,
இருபத்தொன்பது வயது,
திரையில் என்னைப் பச்சைப் புள்ளியாகப் பார்ப்பவன்.
"இர்மெலி, கத்தி மேலயே இருக்கு. மூணு கிலோமீட்டரா."

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
வாராத வெள்ளை.
அதில் என் சக்கரத்தின் இரண்டு தடம்,
ஒட்டாமல், விலகாமல், கண்ணுக்கெட்டிய மட்டும்.
"ஹைட்ராலிக்" என்றேன்.

திருப்பிக்கொண்டு போய் அந்த மூன்றையும் வாரினேன்,
உப்பைக் கொஞ்சம் கூடுதலாகவே தூவினேன்.
ரேடியோ ஹாக்கி முடிவு சொன்னது.
எங்கள் ஊர் தோற்றிருந்தது.

பட்டறையில் கலெர்வோ லாரிக்கடியில் படுத்தபடி
குழாய், வால்வு, எண்ணெய் எல்லாம் பார்த்தான்.
அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவன்.
"எண்ணெய் தேனாட்டம் இருக்கே."
வெளியே வந்து கையைத் துடைத்தான், விரல் விரலாக.
"எத்தனை மணிக்கு?"
"நாலு அஞ்சு."
பட்டறை ரேடியோவை ஒரு தரம் பார்த்தான்.
சீட்டைத் தொடைமேல் வைத்து எழுதினான்:
ஹைட்ராலிக் கோளாறு. சரிசெய்யப்பட்டது.
பேனாவை மூடாமலே கேட்டான்,
"கடைசி வரிலே எவ்வளவு நேரம் நிறுத்தினான், பாத்தியா?"