நொடிக்குப் பன்னிரண்டு

மீட்டரின் முள் படுத்தே கிடந்தது.
மக்வாலா அதைத் தட்டிப் பார்த்தாள்,
நின்றுபோன கைக்கடிகாரத்தைத் தட்டுவதுபோல்.
பிறகு பைக்குள் போட்டுக்கொண்டாள்:
"இதற்கு இங்கே வேலையில்லை."

திபிலீசியில் அந்தக் குளிர்காலம்
மின்சாரம் என்பது ஒரு வதந்தி.
சொலோலாக்கிச் சரிவில், ரொட்டிக்கடை வாசலில்
விடியுமுன் நான்கு மணிக்கே நின்ற வரிசை
தன் வாலைத் தானே பார்க்க முடியாமல்
இருமல்களால் தன்னை எண்ணிக்கொண்டிருந்தது.

உள்ளே, தரையில் புதைத்த மண் அடுப்பு.
அதன் வாயிலிருந்து கொஞ்சம் சிவப்பு.
கல்லாமேல் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு,
கண்ணாடியில் விரிசல்.
எங்கள் சொத்து இவ்வளவுதான்.

லென்ஸை முழுக்கத் திறந்தாயிற்று.
காலாவதியான கறுப்புவெள்ளைச் சுருளை
இரண்டு ஸ்டாப் தள்ளிக் கழுவித்தர
அவ்தாந்திலிடம் வாக்கு வாங்கியாயிற்று.
அவன் லேபிலும் கரண்ட் இல்லை,
பனியை உருக்கியாவது கழுவுகிறேன் என்றான்.
அப்படியும் இருட்டு மிச்சமிருந்தது.

"நொடிக்கு இருபத்துநாலு வேண்டாம்,
பன்னிரண்டு ஓடட்டும்.
ஒவ்வொரு பிரேமும் இருமடங்கு நேரம் குடிக்கும்.
ஆனால் எல்லாரும் பாதி வேகத்தில் அசைய வேண்டும்.
போய்ச் சொல்லிவிட்டு வா."

போய்ச் சொன்னேன். வரிசை சிரித்தது.
"இதைவிட மெதுவாகவா?" என்றார்
ஆட்டுத்தோல் தொப்பிக்காரர்.
மறுத்தவர் ஜூம்பெர் மட்டும்.
"மாவுக்கு உங்கள் கணக்குத் தெரியாது, கருகிவிடும்."
சொல்லிக்கொண்டே இடுப்புவரை அடுப்புக்குள் கவிழ்ந்து
சுவரில் ரொட்டியை அறைந்துவிட்டு எழுந்தார்.

என் வேலை ஃபோகஸ்.
நாடா பிடித்து அளந்தேன்,
லென்ஸிலிருந்து அவர் இமைவரை நாலடி.
அந்த நாலடியின் நுனியில்
நாலு விரற்கடை அகலமே கூர்மை.
இப்பால் வந்தால் மூக்கு கரையும்,
அப்பால் போனால் காது.
அவர் குனியத் திருப்பி, நிமிரத் திருப்பி,
வளையத்தின்மேல் என் கை வியர்த்தது,
அந்தக் குளிரிலும்.
கார் பேட்டரியில் கேமரா
தையல் எந்திரமாய்த் தடதடத்தது.

மூன்றாவது நிமிடம்
கரண்ட் வந்தது.

கூரையில் மூன்று டியூப்லைட்டும்
சிமிட்டி, சிமிட்டி, நின்றன.
தெரு நெடுக சன்னல்கள் வெள்ளையாய் வெடித்தன.
வரிசை கூவியது. யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்.
ஹீட்டர், கெண்டி, குழந்தைக்குப் பால்...
இடம் போனால் போகட்டுமென்று ஓடினார்கள்.
அந்த நகரத்தில் வெளிச்சத்தைத் திட்டியவள்
மக்வாலா ஒருத்தியாகத்தான் இருக்கும்,
தெரிந்த மூன்று மொழிகளிலும்.
ஆனால் லென்ஸை மூடவில்லை,
பொத்தானிலிருந்து விரலையும் எடுக்கவில்லை.

நானும் ஓடினேன், வளையத்தை அப்படியே விட்டு.
நாலு தெரு தள்ளி என் தங்கை,
ஒரு மின்னடுப்பு, ஒரு பானைத் தண்ணீர்.
அது கொதிக்குமுன், பதினோராவது நிமிடம்,
இருட்டு திரும்பி வந்தது,
வீட்டுச் சாவி வைத்திருப்பவன்போல.

மார்ச் கடைசியில்தான் கழுவ முடிந்தது.
சுவரில் ஒரு போர்வையை அடித்துப் பார்த்தோம்.
இருட்டில் குருணைகள் ஊர்ந்தன,
கலைத்துவிட்ட எறும்புப் புற்று.
மெதுவாக நகர்ந்த அந்த வரிசை
திரையில் இயல்பாக நடந்தது,
எந்த ஊரிலும் கடைக்குப் போகிறவர்களைப் போல.
பிறகு எல்லாம் வெளுத்தது.
வெளுப்புக்குள்
இருமடங்கு வேகத்தில் மகிழ்ந்தார்கள்:
வாய் பிளந்து, கை வீசி, முட்டி மோதி,
பழைய ஊமைப்படக் கோமாளிகளாய்.
நான் விட்டுப்போன நாலடிக்குள்
ஜூம்பெர் வருவார், போவார், வருவார்.
கூரையை ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.
கூர்மையாய் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"பிரேமை இரண்டிரண்டாய் அச்சடித்தால்
வேகம் சரியாகிவிடும்" என்றான் அவ்தாந்தில்.

"அவ்வளவு வேகமாகத்தான் வந்துபோனது" என்றாள் மக்வாலா.
ஆணிகளைப் பிடுங்கிப் போர்வையை மடித்தாள்.
அது அவளுடையது.
ராத்திரிக்கு வேண்டும்.