பதினான்காம் பக்கம்

தேவகோட்டையில் மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஆங்கில அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் நின்றிருந்தேன்,
எக்ஸ்டெர்னாலிட்டி என்ற சொல்லின் மேல்
ஒரு விரலை வைத்தபடி.

வக்கீல் வயிரவன் சொல்லியிருந்தார்:
“பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
வார்த்தைக்கு வார்த்தை வேண்டாம்,
ஜட்ஜுக்குப் புரிந்தால் போதும்.”

அகராதி புறத்தன்மை என்றது.
பொருளியல் பாடநூல் புறவிளைவு என்றது.
எழுதிப் பார்த்தேன்:
‘ஆலையின் உமிச்சாம்பல் ஒரு புறவிளைவு.’
வாக்கியம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது.
ஒரு பொட்டுக் கரி இல்லை அதில்.

அடியில் தோண்டினேன்.
லத்தீனில் எக்ஸ் என்றால் வெளியே.
அவர்களுக்கு இரண்டே எழுத்து,
கதவைத் திறந்து ஆளைத் தள்ளப் போதும்.
வெளியில் இருப்பது,
அதனினும் வெளியில் இருப்பது,
கடைசி வெளியில் இருப்பது என்று
மூன்று படி இறங்குகிறது சொல்.
பக்கத்துக் கிளையில், பிரெஞ்சுக்காரன் வாயில் தேய்ந்து,
விநோதம் என்றும் அந்நியன் என்றும் ஆகியிருக்கிறது.
ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

நம்மிடம் மட்டும் என்ன குறைச்சல்.
புறம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு
போரில் முதுகு காட்டினோம்,
ஆள் நகர்ந்ததும் அவரைப் பற்றிக் கூறினோம்,
மரத்தின் பட்டைக்கும் வாயின் வம்புக்கும்
புறணி என்று ஒரே பெயர் வைத்தோம்.
தீர்வை இல்லாத மண்ணைப் புறம்போக்கு என்றோம்,
பிறகு அந்த மண்ணில் குடியிருந்தவனையும்
அப்படியே கூப்பிட்டோம்.

பஞ்சவர்ணத்தின் வீடு புறம்போக்கில்தான்.
அரிசி ஆலைச் சுவருக்குக் கிழக்கே, கண்மாய்க் கரையில்.
ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை
துவைத்துக் கொடுக்கிறாள். எல்லாம் வெள்ளை.
மேல்காற்று அடித்தால் இன்னொரு தரம் துவைக்க வேண்டும்.
இரண்டாம் தரத்துக்குக் கூலி கிடையாது.

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வட்டி எழுதிய சீமை இது,
காலணா தவறியதில்லை என்று பெருமை பேசும்.
இவளுடைய சோப்புக்கட்டி மட்டும்
எவருடைய பேரேட்டிலும் ஏறவில்லை.
பற்றில் இல்லை, வரவில் இல்லை.
அதற்குத்தான் அந்த ஆங்கிலப் பெயராம்.

போன மாதம் குறுக்கு விசாரணை.
“சாம்பல் ஆலைக்கு வெளியில்தானே விழுகிறது?
ஆம், இல்லை, ஒன்று சொல்லுங்கள்.”
அவள் கூண்டின் கட்டையைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:
“அவுகளுக்குத்தாங்க அது வெளிய.
எனக்கு வீட்டுக்குள்ள. சோத்துக்குள்ள.
இருமுனா எச்சிக்குள்ள.”
பதிவில் ஏறியது:
‘ஆலைக்கு வெளியில் விழுவதைச் சாட்சி ஒப்புக்கொள்கிறார்.’
அதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்ததும் நான்தான்.
ரசீது இருக்கிறது.

நான் வாடகைக்கு இருப்பது
ஒரு நீண்ட வீட்டின் கடைசிக் கட்டில்.
முகப்பு ஒரு தெருவில், என் கதவு அடுத்த தெருவில்.
தபால்காரருக்கு இது பின்பக்கம்.
எதிரே டீக்கடை வைத்திருக்கும் சூசைராஜுக்கு
இந்தப் பின்பக்கத்தைத் தவிர வேறு முன்பக்கம் தெரியாது.

கரண்ட் வந்தது. ஃபேன் தாள்களைக் கிளப்பியது.
புறவிளைவை அடித்துவிட்டு எழுதினேன்:
‘ஆலை செலவழிக்காமல் விட்டதை
அடுத்தவர் செலவழிப்பது.’

மாலையில் வயிரவன் சிவப்பு மசியால் கோடிழுத்தார்.
“இது வாதம். மொழிபெயர்ப்பு இல்லை.
வாதாடுவது என் வேலை.”
சரிதான். இதையே வாதாடுவீர்களா என்று கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்,
நெடுநேரம்.

பழைய சொல்லையே திரும்ப வைத்தேன்.
பக்கம் பதினைந்து.
முதல் வரியிலேயே மறுபடி அது,
இம்முறை பன்மையில்.