கோட்டையூர் கேட்

ஐந்தரைக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள்.
சிறப்பு விருந்தினர் ஆறே முக்காலுக்கு வந்தார்.
கொடி அசைத்தார், ஒரு பலூன் விட்டார்,
காருக்குள் போய் ஏசியைப் போட்டுக்கொண்டார்.
நாங்கள் நூற்றுப் பதினேழு பேர்
காரைக்குடியை விட்டுச்
சித்திரைக்குள் ஓடினோம்.

வெயில் எனக்குப் புதிதல்ல.
மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவள்.
இரண்டு மாதத்துக்கொருமுறை
இந்தச் சாலையின் ஒவ்வொரு மீட்டர் முன்னும்
கண்ணைச் சுருக்கி நின்றிருக்கிறேன்.
ஆனால் அது நடக்கிறவளின் வெயில்.
ஓடுகிறவளை அது
முகத்துக்கு நேரே நிறுத்தி
யார் வீட்டுப் பிள்ளை நீ என்று கேட்கிறது.

முதல் ஐந்து கிலோமீட்டருக்குப் பேச்சு இருந்தது.
பக்கத்தில் ஜெய்லானி அண்ணன்,
டூவீலர் ஒர்க்‌ஷாப், கிரீஸ் போகாத நகங்கள்.
"போன தடவை ஏம்மா கடைக்கு அவ்வளவு பில்லு?"
"கம்ப்ரசர் ஓடுதுல்லண்ணே."
சிரித்தார். மூச்சு வாங்கினார்.
பிறகு என்னை விட்டுவிட்டு அவரும் ஓடிவிட்டார்.

தனியே ஓடினால் மனசு
தெரிந்த வேலையைத்தான் செய்கிறது.
நீலக் கதவு வீடு, நானூற்றுப் பத்து யூனிட்.
பல் டாக்டர் மாடி, அறுநூற்றுச் சொச்சம்.
பூட்டிய வீடு, அதற்கடுத்த பூட்டிய வீடு, பூஜ்யம்.
நாய் கட்டிய வீட்டுக்கு எப்போதும் குத்துமதிப்பு.
அந்த நாய் இன்றும் குரைத்தது.
இன்று அதன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது.

பள்ளத்தூர் திருப்பத்தில் தண்ணீர் மேசை.
என்.எஸ்.எஸ். பையன்கள் காலிக் கப்புகளைக்
கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
"தண்ணி தீந்துருச்சுக்கா. உப்பு இருக்கு."
உள்ளங்கையில் வாங்கி நக்கினேன்.
என் மேலுதட்டில் ஏற்கெனவே இருந்ததுதான்.

திரும்பும் வழி முழுக்கத் தைலமரம்.
நிழல் கிடையாது.
ஜலதோஷம் பிடித்தாற்போல் வெயில் மட்டும் மணக்கும்.
தார் இளகி ஒவ்வொரு அடிக்கும்
ஷூவை ஒரு நொடி பிடித்து வைத்துப்
போ என்று விட்டது.

போகும்போது திறந்திருந்த கோட்டையூர் கேட்
இப்போது விழுந்திருந்தது.
பதினோரு பேர் நின்றார்கள்.
ஜெய்லானி அண்ணன் தலைக்குமேல் பனியனைப் பிடித்திருந்தார்.
அடைக்கலம் என்று நெஞ்சில் ஒட்டிய பையன்
வெறுங்காலை மாற்றி மாற்றித் தூக்கினான்.
பெரிய வாட்ச் கட்டிய ஒருவர்
கேட்கீப்பர் அம்மாவிடம் கத்தினார்:
"டைம் போகுதும்மா, குனிஞ்சு போயிர்றோம்!"
அந்தம்மா பச்சைக் கொடியைச் சுருட்டியபடி சொன்னாள்:
"ரயிலும் ஓடித்தான் சார் வருது."

மொபெட்டில் வெள்ளரிப்பிஞ்சு மூட்டையோடு ஒருத்தி.
எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.
"ஓடுனா எவ்வளவு தருவாக?"
"நாங்கதாங்க ஐந்நூறு கட்டினோம்."
கத்தி பாதியில் நின்றது.
நான் சொன்னதை இன்னொரு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள் போல.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
பிஞ்சுகளை ஒடித்து ஒடித்து
கை நீட்டிய எல்லோருக்கும் கொடுத்தாள்.
வாட்ச்காரருக்கு இரண்டு.

ரயில் வந்தது.
கொதிக்கிற காற்றுதான்,
ஆனாலும் அன்றைக்கு அது ஒன்றுதான் காற்று.
பன்னிரண்டு பேரும்
சொல்லிவைத்தாற்போல் கைகளைத் தூக்கினோம்.
சரணடைகிறோம் என்று நினைத்தோ என்னவோ
ஜன்னலில் ஒரு குழந்தை
டாட்டா காட்டியது.

கேட் ஏறியது. கால் ஏறவில்லை.
கெண்டைக்கால் கல்லாகிவிட்டது.
அடைக்கலம் பறந்தான். வாட்ச் பறந்தது.
நான் ரீடிங் எடுக்கிறவள்போல் நடந்தேன்.
பிறகு கொஞ்சம் ஓடினேன். பிறகு நடந்தேன்.

மைதானத்தில் முடிவு வளைவின் காற்றைப் பிடுங்கி
பாய்போல் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.
சாக்குக்குள் கைவிட்டு ஒரு மெடல் எடுத்தார் ஒருவர்.
பத்து கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது.
"இருபத்தொண்ணு தீந்துபோச்சும்மா."
பரவாயில்லை, குத்துமதிப்பு, என்றேன்.

மூன்று மணி பத்தொன்பது நிமிடம்.
"கேட்டுல நின்ன பன்னெண்டைக் கழிச்சுப்பாரு,
நல்ல டைம்" என்றார் ஜெய்லானி அண்ணன்.

கழிக்க மனசு வரவில்லை.
அந்த வெள்ளரிப்பிஞ்சு
அதற்குள்தான் இருந்தது.