கொருக்குப்பேட்டை கேட்

கேட் போட்டிருந்தது. சரக்கு வண்டி.
ஜீப் நின்றது. அதனால்தான்
ரெஜினா அக்காவால் ஓடிவந்து பிடிக்க முடிந்தது.

"இன்னா கேஸு சார்?"
"ஸ்டேஷனுக்கு வா, சொல்றேன்."
"இங்கயே சொல்லு."

என் காலர் அவர் கையில்.
அவர் சட்டையில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு ஊசித் துளைகள்.

நான் செய்ததெல்லாம்
ஜீப் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.
அவர்கள் நோட்டில் அதற்கு
பணி செய்யவிடாமல் தடுத்தல் என்று பெயர்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது.
"புட்சிகினு போனா பேப்பர் எழுதணும் சார்.
வட்டாரத்துல மரியாதப்பட்ட ஆளு ஒருத்தர்
சாட்சிக் கையெழுத்து போடணும்."

சிரித்தார்.
"இந்த ஏரியாவுலயா? மரியாதப்பட்ட ஆளா?"

நிலக்கரிப் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.
சுண்டல் வண்டி தனசிங் அடுப்பைத் தணித்தார்.
பஞ்சர் கடை மாபுபாஷா
லுங்கியில் கை துடைத்துக்கொண்டு வந்தார்.
குப்பை வண்டி கன்னியம்மா, கையுறையைக் கழற்றாமலே:
"எங்க போடணும், காட்டு."

அவர் காட்டவில்லை.
பேனாவும் யாரிடமும் இல்லை,
அவர் பையில் இருந்ததைத் தவிர.

கடைசிப் பெட்டி கடந்தது. கேட் ஏறியது.
பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து ஓய்ந்தது.
கம்பியிலிருந்து நான்
இன்னும் கையெடுக்கவில்லை.